பரிசீலனையில் ஒரு தென்னங்கன்று

கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் வாழ்வதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் மனு எழுதலாம்; பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும். காலவரம்பு முப்பது நாள். அதற்குள் முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். தாலுகா அலுவலகத்தில் இருந்த முப்பத்தொரு வருடமும் இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கடைப்பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த விதியை நம்பி நானே ஒரு மனு எழுதினேன். எந்த அலுவலகத்துக்கு என்று சொல்லப்போவதில்லை. மனுவின் பொருள் இது: சபரிமலைக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, இருமுடி கட்டி, காட்டுப்பாதை தொடங்கும் சத்திரம் என்ற ஊர் வரை நடந்து வந்த பக்தர் ஒருவர், தந்தை இறந்த செய்தி கேட்டு அங்கிருந்தே திரும்பிப் போனால், அந்த வருடம் அவருடைய மலைக் கணக்கில் சேருமா, சேராதா என்பது குறித்துத் தெளிவுரை கோருதல்.

பக்தர் என் மச்சினன். மனைவியின் தம்பி. எலப்புள்ளிக்குக் கிழக்கே தென்னையும் நெல்லும் வைத்திருக்கிறான். வருடாவருடம் மலைக்குப் போகிறவன். அதுவும் வீட்டிலிருந்து நடந்து. வேலந்தாவளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி, கம்பம் என்று சுற்றி, குமுளியில் மறுபடி கேரளத்துக்குள் ஏறி, வண்டிப்பெரியாறு தாண்டி, சத்திரத்தில் காட்டுப்பாதையைப் பிடிக்க வேண்டும். பதினான்கு நாள். முன்பு ஏழெட்டுப் பேராகப் போவார்கள். அவனை முதல் பன்னிரண்டு வருடம் அழைத்துப்போன குருசாமி காலமாகிவிட்டார். மற்றவர்கள் வேனுக்கு மாறிவிட்டார்கள்.

நான் மனு எழுதிய வருடம் அவனுக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாவது முறை போகிறவர் ஒரு தென்னங்கன்றைக் கொண்டுபோய்ச் சன்னிதானத்தில் நட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். நட்டு வந்தால் அவர் குருசாமி. மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடலாம், இருமுடி கட்டிவிடலாம். அவனுடைய இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. தை மாதம் கழிந்ததும் இரண்டையும் மாற்றிவிட வேண்டும், மாற்றிய பிறகு இந்த மாதிரி நடையெல்லாம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே இது பதினெட்டாவதாக இருப்பது அவனுக்கு அவசியமாக இருந்தது.

துணைக்கு யாராவது போக வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்தாள். வீட்டில் யாராவது என்றால் அது நான்தான். அறுபத்துமூன்று வயதில் நான் கன்னிசாமி ஆனேன். முதல் முறை போகிறவருக்கு அந்தப் பெயர்.

கன்று எல்லை தாண்டுகிறதே, அதற்கு ஒரு சான்று வேண்டாமா என்று நான்தான் கேட்டேன். தென்னையில் வேர் வாடல் நோய் பரவுகிற காலம். சான்றுக்கு விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நோக்கத்துக்கு ஆதாரமாக, அவன் மலைக்குப் போன வருடங்களைப் பட்டியல் போட்டு இணைத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அவனை உட்காரவைத்து எழுதினேன்.

அவனுக்கு வருடம் எண்ணாக நினைவிருக்காது. "இது வேலந்தாவளம் சந்தையில செவலைக் கிடேரி புடிச்ச வருசமுங்க." "அது போர் போட்டுத் தண்ணி வராத வருசம்." நான் அவற்றை வரிசை எண் கொடுத்து எழுதிக்கொண்டே வந்தேன். ஏழாவதில், "இது மயிலைக் காளையை வித்தமுங்களே, அந்த வருசம். எங்கய்யன் போனாரு" என்றான்.

"அன்னைக்குத்தான் சத்திரத்துல இருந்து திரும்பி வந்துட்டயே, மாப்ளை?" என்றேன்.

"ஆமாங்க. சேதி வந்துச்சு. மாலையைக் கழட்டிட்டு வந்துட்டேன்."

"அப்பப் படி ஏறலை."

அவன் என்னைப் பார்த்தான். பதினெட்டுப் படி ஏறாதது இத்தனை வருடமும் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதை ஒரு பட்டியலில் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"நாப்பத்தொரு நாள் வெரதம் இருந்தேனுங்க. கட்டுக் கட்டுனேன். பதிமூணு நாள் நடந்தேன். அதெல்லாம் எதுல சேரும் மாமா?"

அதை உரிய அதிகாரிதான் சொல்லவேண்டும் என்றேன். முப்பத்தொரு வருடப் பழக்கம் அப்படிச் சொல்லவைத்தது.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "ஏனுங்க, உங்களை ஆரு லிஸ்டு கேட்டா? பதினெட்டு பதினெட்டுன்னு சந்தோசமா இருந்தான். உக்கார வெச்சுப் பதினேழாக்கிப் போட்டீங்களே!"

மனுவை அன்றைக்கே எழுதி, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தமிழில்.

கார்த்திகை இருபத்தைந்து வாக்கில் கிளம்பினோம். மாலை போட்டுக்கொண்டால் உறவுமுறை எல்லாம் நின்றுவிடும், எல்லாரும் சாமி. அவன் எனக்குச் சாமி, நான் அவனுக்குச் சாமி, வழியில் குறுக்கே வந்த நாயும் சாமி. முப்பது வருடம் அவனை அதட்டிய வாய்க்கு இது சிரமமாக இருந்தது. சாமி என்று தொடங்கிவிட்டால் அதட்டலைத் தொடர முடிவதில்லை.

கன்று இரண்டடி உயரம். நான்கு ஓலை. அடியில் தேங்காயோடு சேர்த்து ஈரச் சாக்குச் சுற்றி, தோளில் தொங்கும்படி கயிறு கட்டியிருந்தான். தலையில் இருமுடி, தோளில் கன்று, காலில் செருப்பு கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கன்றுக்கு நிழல் பார்ப்பான். மீதி நிழல் இருந்தால் நாங்கள்.

வேலந்தாவளத்தில் எல்லைச் சாவடி. நாற்காலியில் இருந்தவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "நடந்தேவா சாமி?" என்று கேட்டு, போகலாம் என்று கைகாட்டினார். நான் சான்றை எடுத்துக் கொடுத்தேன். மூன்று நகல் வைத்திருந்தேன்.

அவர் வாங்கிப் படித்தார். படித்தபின் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

"ஒரு தென்னங்கன்னுன்னு போட்டிருக்கு. நெட்டையா குட்டையான்னு இல்லியே சாமி?"

"நெட்டைதானுங்க" என்றான் மச்சினன்.

"அது நீங்க சொல்றது. பேப்பரு சொல்லலியே."

அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மேலதிகாரி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்தோம். வந்தவர் கன்றைப் பார்த்தார், எங்கள் காலைப் பார்த்தார், "சாமி கன்னுய்யா, விடு" என்றார்.

அரை மைல் போன பிறகு மச்சினன் பேசினான். "அந்தப் பேப்பரை மடியிலயே வெச்சிருந்திருந்தா இந்நேரம் ரெண்டு மைல் தாண்டியிருப்பமுங்க, சாமி."

மற்ற இரண்டு நகல்களை நான் யாரிடமும் காட்டவில்லை.

நடப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தார் ரோடு காலையில் சில்லென்றிருக்கும், பத்து மணிக்குச் சுடும். சுட ஆரம்பித்ததும் ஓரத்து மண்ணுக்கு இறங்க வேண்டும், அங்கே முள். மூன்றாம் நாள் எனக்குக் கொப்புளம், ஐந்தாம் நாள் அது உடைந்தது. வழியில் கோவில் மண்டபங்களிலும் பள்ளிக்கூட வராந்தாக்களிலும் படுத்தோம். கன்னிசாமி என்று கண்டுகொண்டால் சாப்பாட்டுப் பந்தியில் முதல் இலை போடுவார்கள். அரசுப் பணியில் எனக்குக் கிடைக்காத முன்னுரிமை அது.

தினமும் சாயந்திரம் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"தபால் வந்துச்சா?"

"கரண்டு பில்லு வந்துச்சுங்க. பக்கத்தூட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. அவனுக்குக் காலு எப்படிங்க இருக்குது?"

"நடக்கறான். பதிவுத் தபால் ஏதாவது?"

"நீங்க அவன் காலைப் பாருங்க. தபாலை நான் பாக்கறேன்."

நான் பேசும்போது அவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கன்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பான். என்ன சொன்னாள் என்று கேட்க மாட்டான். நான் போனை வைக்கும்வரை தெளித்துக்கொண்டே இருப்பான். சில நாட்களில் அந்தக் கன்றுக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் கிடைத்தது.

மனு கொடுத்து முப்பதாவது நாள் உடுமலையைத் தாண்டினோம். காலவரம்பு முடிந்தது. இடைக்காலப் பதிலும் வரவில்லை.

தேனிக்குப் பிறகு அவன் கால் வீங்கியது. ஏற்றம் பரவாயில்லை, இறக்கம்தான் முடியவில்லை. பாலத்துச் சரிவில்கூடத் திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினான். குமுளி மலைப்பாதையை மெதுவாக ஏறி முடித்தபோது எதிரே பஸ் நிலையம். வண்டிப்பெரியாறு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நான் பஸ்ஸைப் பார்த்தேன்.

"நீங்க வேண்ணா ஏறிக்கங்க சாமி. நான் பொறகால வந்துடறேன்."

"கணக்குக்கு ஏதாவது குறையுமா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கணக்குல கடன் ஒண்ணு போதுமுங்க" என்றான். நடந்தோம்.

வண்டிப்பெரியாறுக்கு முன்னால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தோளில் கன்றைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சைத் துடைத்தார்.

"ஏ சாமி, தென்னம்புள்ளையச் சொமந்துக்கிட்டு வாரீகளே! பதினெட்டாவது மலையா?"

மச்சினன் என்னைப் பார்த்தான்.

"என்ன சாமி முழிக்கீக? எண்ணிக்கை விட்டுப்போச்சா?"

"பரிசீலனையில் இருக்கும்மா" என்றேன்.

"யாருகிட்ட?"

"ஒரு ஆபீசுல. எழுதிக் கேட்டிருக்கோம்."

அந்த அம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு மச்சினனிடம் கேட்டார். "இவுக யாரு சாமி?"

"எங்க அக்கா ஊட்டுக்காரருங்க. கன்னிசாமி."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆற்றத் தொடங்கினார். எனக்குச் சர்க்கரை வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானத்தை நெருங்கும்போது சத்திரம் வந்தது. காட்டுப்பாதை தொடங்கும் இடம். யானை நடமாட்டம் உண்டென்பதால் வனத்துறைக்காரர்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை. பெயர், வயது, ஊர் எழுதிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார்கள். எங்கள் சீட்டை வாங்கியபோது அடைக்கக் கால் மணி நேரம் இருந்தது. கன்றைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலந்தாவளத்தில் படித்த பாடம்.

திரும்பிப் பார்த்தால் மச்சினன் வரிசையில் இல்லை. ஓரத்தில் ஒரு மரத்தடி வேரில் உட்கார்ந்திருந்தான். இருமுடி தலையில் இருந்தது. கன்றைத் தோளிலிருந்து இறக்கி முன்னால் வைத்திருந்தான்.

"இங்கதானுங்க கழட்டினேன்" என்றான். "கடைக்குப் போன் வந்து, கடைக்காரரு ஓடி வந்து சொன்னாரு. இந்த மரத்தடியில நின்னுதான் மாலையைக் கழட்டினேன்."

நான் சீட்டை மடித்து மடியில் செருகினேன்.

"பதில் வந்துச்சுங்களா, மாமா?"

பதிமூன்று நாளில் முதல் முறையாகக் கேட்டான். பதிமூன்று நாளில் முதல் முறையாக மாமா என்றும் சொன்னான்.

"வரலை."

"அப்பக் கன்னை இங்கயே வெச்சுட்டுப் போலாமுங்க. நான் பதினேழாத்தான் போறேன். பதினேழுக்குத் தென்னை கொண்டுபோயிப் பதினெட்டுன்னு நட்டா, அது பொய்யிங்க. சாமிகிட்டப் போயிப் பொய் சொல்லக் கூடாது."

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன். அவன் தன் முழங்காலைப் பார்த்தான்.

என் பணிக்காலத்தில் நான் யாருக்கும் வாய்மொழியாக உத்தரவு கொடுத்ததில்லை. கொடுத்தவர்களை விசாரணைகளில் பார்த்திருக்கிறேன். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பதுதான் எங்கள் மதம். கேட்டில் இருந்த வனக்காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாப்ளை, நான் சொல்றதைக் கேளு" என்றேன். "ஒருத்தன் டூட்டிக்கு வந்துட்டான். கையெழுத்துப் போட்டுட்டான். வேலை நடக்குது. நடுவுல அப்பா செத்த சேதி வருது. எழுந்து போறான். அது என்ன?"

"என்னதுங்க?"

"லீவு. ஆப்சென்ட் இல்லை. சர்வீஸ்ல முறிவு கிடையாது. பென்ஷன் கணக்குப் போடும்போது அந்த நாளும் சேரும்."

"நெசமாங்களா?"

"முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேருக்குச் சேர்த்திருக்கேன்."

அவன் யோசித்தான். "அது உங்க ஆபீசு. இங்கயும் அப்படித்தானுங்களா?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். "இங்கே அதைவிடக் கறாரா இருக்க மாட்டாங்க" என்றேன்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"மாட்டேன். வாயில சொல்றேன். பதினெட்டு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் எழுத்தில்லாமல் ஒன்றைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அதனாலேயே நம்பினான் என்று நினைக்கிறேன்.

"சாமிமாரே! வரணுண்டெங்கில் வா, கேட்டு அடைக்கான் போகுது!" என்று வனக்காவலர் மலையாளத்தையும் தமிழையும் கலந்து கத்தினார். மச்சினன் கன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். எழ இரண்டு முயற்சி ஆனது.

காட்டுக்குள் முதலில் ஏற்றம், பிறகு புல்மேடு. இரண்டு பக்கமும் வெறும் புல், காற்று, நின்றால் தள்ளுகிறது. புல்மேடு தாண்டியதும் செங்குத்து இறக்கம். அங்கே அவன் பின்பக்கமாக இறங்கினான். நான் கீழே நின்று அவன் பாதத்தை ஒவ்வொரு வேரிலும் எடுத்து வைத்தேன். ஓரிடத்தில் கன்றை என்னிடம் நீட்டினான். கிளம்பியதிலிருந்து அதை என் கையில் கொடுத்தது அப்போதுதான். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது; இவ்வளவு தூரம் இவன் இதை எப்படிக் கொண்டுவந்தான் என்று அப்போதுதான் யோசித்தேன்.

பதினெட்டுப் படியை இருமுடியோடு ஏறினோம். கூட்டம் அவனைத் தூக்கிவிட்டது. அவன் முழங்கால் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. பிறகு தென்னங்கன்று நடும் இடத்துக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே பதினெட்டு முடித்தவர்களின் கன்றுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரு விவசாயியாக அவனால் அதைச் சகிக்க முடியவில்லை.

"தென்னைக்கு இருபத்தஞ்சடி எடைவெளி வேணுமுங்க. இது நாத்தங்காலு மாதிரி இருக்குது. எது புடிக்கும் இதுல?"

"அப்ப என்ன பண்றது?"

"நடறதுதானுங்க."

கையாலேயே குழி பறித்து நட்டான். பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றினான். அடிமண்ணை மிதிக்கக் காலால் முடியாததால் உள்ளங்கையால் அழுத்தினான். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டான். எனக்குக் கேட்டது பதினெட்டு என்பது மட்டும்தான்.

திரும்பும்போது பஸ்.

மாசியில் அவனுக்கு இரண்டு முழங்காலும் மாற்றினார்கள். நான் அந்த அலுவலகத்துக்கு முதல் நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு இரண்டாவது. வாய்மொழி உத்தரவு என் பெயரில் அந்தரத்தில் நின்றது. அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அது முடிந்த கோப்பு. எனக்கு அப்படி இல்லை. பதினேழுதான் என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று சில நாள் சாப்பிடும்போதுகூட யோசித்தேன்.

அடுத்த சீசனின் முதல் நாள் காலை. அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் குளித்துக் கறுப்பு வேட்டி கட்டி வரிசையில் நின்றார்கள். குருசாமி தரையில் உட்கார முடியாததால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கழுத்திலும் மாலை போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நானும் நின்றேன். இந்த முறை எல்லாரும் வேனில் போவதாக ஏற்பாடு.

என் வீட்டுக்குப் போன தபால்காரரை மனைவி அங்கே அனுப்பியிருந்தாள். பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே பிரித்தேன்.

பதில் மலையாளத்தில் இருந்தது. கடிதத்தில் போட்டிருந்த தேதி ஆடி மாதத்தது. நாங்கள் பதினான்கு நாளில் நடந்ததைவிடக் குறைந்த தூரத்தைக் கடிதம் நான்கு மாதத்தில் கடந்திருந்தது. சாரம் இரண்டு வரி: பக்தர்களின் மலைக் கணக்கு இந்த அலுவலகத்தில் பராமரிக்கப்படுவதில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்தந்தக் குழுவின் குருசாமி.

அதாவது சத்திரத்து மரத்தடியில் நான் கொடுத்த உத்தரவுக்கு எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஒரு கன்னிசாமி, தன் குருசாமியின் விஷயத்தில், வாய்மொழியாக உத்தரவு போட்டிருக்கிறான். நான் வேலையில் இருந்திருந்தால் அந்தக் கன்னிசாமிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியிருப்பேன்.

என் முறை வந்தது. நாற்காலிக்கு முன்னால் நின்று கடிதத்தைக் காட்டினேன்.

"பதில் வந்திருக்கு, சாமி."

மாலையோடு அவன் கை அப்படியே நின்றது. "என்ன போட்டிருக்காங்க?"

"குருசாமிதான் சொல்லணுமாம்."

"எந்தக் குருசாமிங்க? அவருதான் போயிட்டாரே."

"இப்ப இருக்கற குருசாமி."

அவன் இடம் வலம் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். தன்னைத்தான் சொல்கிறேன் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அதைத்தான் நீங்க போன வருசமே சொல்லிப்போட்டீங்களே. பதினெட்டுன்னு."

"நான் சொன்னது செல்லாது. நீ சொல்லணும். பின்னேற்புன்னு ஒண்ணு உண்டு. நடந்து முடிஞ்ச காரியத்துக்கு அதிகாரி அப்புறமா ஒப்புதல் தர்றது."

"செரிங்க. பதினெட்டு. போதுங்களா?"

"எழுத்துல."

கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவனிடம் பேனா இல்லை, விரலெல்லாம் சந்தனம். அந்தப் பெருவிரலையே அழுத்தி வைத்தான். பிறகு மாலையை என் கழுத்தில் போட்டு, "இது உங்களுக்கு எத்தனாவது மலைங்க, சாமி?" என்று கேட்டான்.

"ரெண்டு" என்றேன். அதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

சந்தனம் காயும்வரை காத்திருந்து, யாரிடமோ பேனா வாங்கி, விரல் ரேகைக்குக் கீழே பதில் கிடைத்த தேதியை எழுதினேன். கார்த்திகை ஒன்று.